மீட்டரில் ஏறாத கிலோமீட்டர்கள்

கியர் பாக்ஸின் பக்கவாட்டில் பெருவிரல் பருமனில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு செருகியிருக்கும். அதன் நுனிக்கு எதிரே ஒரு பல்சக்கரம் சுழலும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது அந்தத் துண்டு ஒரு மின்துடிப்பை அனுப்பும். விநாடிக்கு எத்தனை துடிப்பு என்பதிலிருந்து வேகமும், மொத்தம் எத்தனை என்பதிலிருந்து தூரமும் கிடைக்கின்றன. 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த மின்காந்த விளைவை வைத்தே பல ஸ்பீடு சென்சார்கள் வேலை செய்கின்றன. “அண்ணாச்சி, முள்ளு எந்திரிக்கவே மாட்டேங்கு” என்று தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் ஒருவர் வண்டியைப் பட்டறையில் விட்டால், மெக்கானிக்கின் கை முதலில் தேடுவது இதைத்தான். போல்ட்டைக் கழற்றி, எண்ணெய் கசிந்த ரப்பர் வளையத்தோடு பழையதை உருவி, புதியதைச் செருகி, பிளக்கை மாட்டினால் முள் எழுந்துவிடும்.

சென்சார் செத்துக் கிடந்த நாட்களில் வண்டி மட்டும் நிற்கவில்லை. திருச்செந்தூருக்குப் போனது, தூத்துக்குடிக்குப் போனது, கல்யாண வீடு, துஷ்டி வீடு என்று சுற்றியது. அந்தத் தூரம் எதுவும் மீட்டரில் ஏறவில்லை. புதிய சென்சார் மாட்டியதும் கணக்கு விட்ட எண்ணிலிருந்து தொடர்கிறது. மீட்டரில் உள்ள ஒவ்வொரு கிலோமீட்டரும் வண்டி உண்மையாகவே ஓடியது. ஆனாலும் கூட்டுத்தொகை பொய். யாரும் வாய் திறந்து பொய் சொல்லவும் இல்லை. அடுத்த வருடம் ஒருவர் வண்டியை விலைக்குக் கேட்டு, குனிந்து அந்த எண்ணைப் பார்க்கிறார். உரிமையாளர் பேசாமல் நிற்கிறார். அது பாவமா?

கப்பல் வணிகர்களைப் பற்றி இதே கேள்வி இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே எழுந்திருக்கிறது. கி.மு. 44-இல் ரோமானிய அறிஞர் சிசரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு வழக்கு வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகர் தானியக் கப்பலோடு வந்து சேர்கிறார். பின்னால் இன்னும் கப்பல்கள் வருவது அவருக்கு மட்டும் தெரியும். சொன்னால் விலை இறங்கிவிடும். சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்றார் ஸ்டோயிக் தத்துவவாதியான தியோஜெனிஸ். அவருடைய மாணவர் ஆன்டிபாட்டர் ஒப்பவில்லை. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்கும் தெரிய வேண்டும் என்றார். சிசரோ மாணவர் பக்கம் நின்றார். சரியான பக்கம் அதுதான்.

இந்தக் கரையில் வாசிக்கப்படும் நூல்களும் அளவை விஷயத்தில் கடுமையானவை. காயல்பட்டினத்தில் ஓதப்படும் குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்துக்கு அளவில் மோசடி செய்பவர்களின் பெயரே தலைப்பு. நடுவுநிலைமைக்கு வள்ளுவர் காட்டும் உவமை தராசுக்கோல். நாசரேத் தூய யோவான் பேராலயத்தில் வாசிக்கப்படும் உபாகமத்தின் 25ஆம் அதிகாரமோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. கள்ளக் கல்லால் நிறுப்பது இருக்கட்டும், பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு நிறைகல் வைத்திருப்பதையே அது தடுக்கிறது. வைத்திருந்தாலே குற்றமா என்று கேட்கலாம். எந்த ஆளுக்கு எந்தக் கல் என்று வியாபாரி யோசிக்கத் தொடங்கிய உடனே அங்கே அளவை என்பது போய், அவருடைய விருப்பம் மட்டும் மிஞ்சுகிறது. இரண்டு கல் காரிலும் அகப்படும். இன்றைய கார்கள் பலவற்றில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமல்லாமல் வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவாகிறது. மீட்டரைக் குறைத்தவர் மற்றதை மறந்திருந்தால், ஸ்கேனரை மாட்டியதும் இரண்டு எண்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும்.

1987-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் வழக்கில் சிக்கியது. அதன் நிர்வாகிகள் மீட்டர் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் புதுக் கார்களை ஓட்டியிருந்தார்கள். பிறகு அந்தக் கார்கள் புதிது என்றே விலை போயின. நிறுவனத் தலைவர் லீ அயகோக்கா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அங்கே எண்ணை யாரும் திருத்தவில்லை, ஏறவேண்டிய எண் ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். தியோஜெனிஸ் சொன்ன சமாதானம் இந்த இடத்தில் நிற்காது.

அளவை கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா.வின் 39ஆம் வாகன விதிமுறைப்படி, ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும், அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரை. 80-இல் போகும்போது முள் 92-ஐத் தொட்டாலும் விதிக்குள்தான். குற்றமில்லாத நன்மை தரும் பொய்க்கு வாய்மையின் பக்கத்தில் இடம் கொடுத்தவர் வள்ளுவர். ஸ்பீடோமீட்டருக்கு அந்தச் சலுகைகூடத் தேவையில்லை. எந்தப் பக்கம் கூடும், எவ்வளவு கூடலாம் என்பது விதியிலேயே திறந்து எழுதப்பட்டிருக்கிறது.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஓடும் லாரிகளில் விஷயம் உயிரைத் தொடுகிறது. மத்திய மோட்டார் வாகன விதி 118 பொதுவாகச் சரக்கு வாகனங்களுக்கு 80 கிலோமீட்டரும், டேங்கர், டிப்பர், பள்ளி வாகனங்களுக்கு 60 கிலோமீட்டரும் உச்ச வேகமாக வைக்கிறது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்கு வண்டியின் வேகம் தெரிவது சென்சார் அனுப்பும் துடிப்பால்தான். டயரின் சுற்றளவு 5 சதவீதம் கூடினாலே போதும், வண்டி 84-இல் பறக்கும்போது கருவி 80 என்று எண்ணிக்கொள்ளும். அந்த நான்கு கிலோமீட்டருக்கு விலை கொடுப்பவர் எதிரே சைக்கிளில் வருகிறவர்.

நாசரேத்துக்குப் பட்டறைத் தொழிலில் ஒரு பழைய உரிமை உண்டு. தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி, 1878-இல் கேனன் மர்காஷிஸ் என்ற பாதிரியார் இங்கே ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். கோயிலுக்குப் பக்கத்திலேயே பிள்ளைகள் கைத்தொழில் பழகிய ஊர் இது. “வண்டி அவருது, நான் பழுது பாக்கிறவன்” என்று இங்குள்ள ஒரு மெக்கானிக் ஒதுங்கிக்கொள்ள நினைத்தால் அது புரியக்கூடியதே. ஆனால் மீட்டர் நின்றிருந்தது உரிமையாளரை விட்டால் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அமெரிக்கா 1972-இல் ஓடோமீட்டர் மோசடிக்கு எதிராகக் கொண்டுவந்த சட்டம் பழுது பார்ப்பவருக்கும் ஒரு பங்கு வைத்திருக்கிறது. பழுது நீக்கிய பின் மீட்டரில் பழைய எண்ணை வைக்க முடியாவிட்டால், பூஜ்யத்தில் வைத்துவிட்டு, பழைய எண்ணையும் தேதியையும் எழுதிய சீட்டை இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். ஏமாற்றும் நோக்கத்தோடு அதை அகற்றுவதும் குற்றம்.

நாசரேத் பட்டறையில் இதற்கு ஒரு பில் புத்தகம் போதும். மீட்டர் எந்த எண்ணில் நின்றது, எப்போது நின்றது, சென்சார் என்று மாறியது, இடையில் குத்துமதிப்பாக எவ்வளவு ஓடியது என்று உரிமையாளர் சொன்னார் என இரண்டு வரி எழுதி, ஒரு நகலை வண்டியின் ஆர்.சி. கவருக்குள் வைத்துவிடலாம். வண்டியை வாங்குகிறவர் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்ற வேண்டும் என்று அதைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்வார்.