மலைவழியும் மனத்தின் பணிவும்

மலையேறுதல் நம் நாட்டுக்குப் புதியதொரு செயலன்று. குன்றின் உச்சியில் எம்பெருமானை எழுந்தருளச் செய்து, அவன் திருவடி காணும் பொருட்டு மூச்சிரைக்க ஏறிச் செல்லுதலை நம் முன்னோர் வழிபாட்டின் ஒரு கூறாகவே கொண்டனர். சோளிங்கபுரமாகிய திருக்கடிகையில் யோக நரசிம்மப் பெருமானைச் சேவிக்க 1305 படிகளை ஏறி இறங்கிய தலைமுறைகள் பல. இக்காலத்திலோ வேறொரு வகை மலையேற்றமும் பரவி வருகின்றது. அங்கே கோயில் இல்லை, படிகள் இல்லை, சிலவிடங்களில் வழியுமே இல்லை. புதர் மண்டிக் கிடக்கும் ஒற்றையடிப் பாதையைத் தேடிச் சென்று, அதில் நடந்து மீளுதலே அதன் நோக்கம். அதுவும் விடுமுறை வாய்க்கும் கோடைக் காலத்தில் இவ்விருப்பம் மிகுதியாக எழுகின்றது.

இது துணிவா, செருக்கா? தன் உயிரைத் தானே இடருக்கு உட்படுத்தும் உரிமை ஒருவனுக்கு உண்டா? உண்டெனின் அது எதுவரை செல்லும்? உற்சவ மலரில் இவ்வினா எதற்கென்று எண்ணுவோரும் இருக்கலாம். நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகள் பலர் இவ்வழிகளில் செல்ல விரும்புகின்றனர். அவர்களுக்குப் பெரியோர் ஒரு சொல் சொல்ல வேண்டியவராய் இருக்கின்றனர். அச்சொல் வெறும் அச்சுறுத்தலாக அமையாதிருக்க வேண்டுமாயின், இதனை நிதானமாக ஆராய்தல் தகும்.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே பாலாற்றுப் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு மலை என்பது நாள்தோறும் கண்ணிற் படும் பொருள். தெற்கே ஜவ்வாது மலைத்தொடர் நீண்டு கிடக்கின்றது. மேற்கே ஏலகிரி நிற்கின்றது. வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டிக் குன்றுகள் சூழ்ந்துள்ளன. மே மாதத்துக் கத்திரி வெயிலில் வேலூரின் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். ஆறு நாள்கள் தோல் பதனிடும் கொட்டகையிலும், காலணித் தொழிற்சாலையின் தையல் எந்திரத்தின் முன்னும் உழைத்த ஓர் இளைஞன், ஏழாம் நாள் அம்மலையை நோக்கி நடக்க விழைவதில் வியப்பில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்பது இயற்கையின் கணக்கு. காற்றும் நிழலும் தேடுதல் குற்றமாகாது. மலையின் தனிமையில் மனம் அடங்குதலும் பொய்யன்று. ஆதலின் 'போகாதே' என்னும் ஒரு சொல்லால் இவ்விருப்பத்தைத் தள்ளிவிடுதல் நியாயமாகாது.

இனி, வழி என்பது யாது என்று முதலில் எண்ணிப் பார்ப்போம். மலையில் எவ்வழியும் தானே பிறப்பதில்லை. அது பல்லாயிரம் கால்கள் மிதித்த மிதிப்பு. ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் விளைத்து, தேனும் புளியும் கடுக்காயும் சேர்த்து வாழ்ந்து வந்தனர். அக்கடுக்காய்க்கும் நம் ஊர்த் தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டே முற்காலத்தில் இப்பக்கத்துத் தோல்கள் பதனிடப்பட்டன. பின்னர் வெளிநாட்டு வாட்டில் பட்டையும், அதன்பின் குரோமிய உப்பு கொண்டு பதனிடும் முறையும் வந்தபோது அத்தேவை பெரிதும் சுருங்கிற்று. காய் பொறுக்கவும், ஆடு மேய்க்கவும், சந்தைக்குச் சுமை இறக்கவும், பெண் கொடுத்த ஊருக்குச் செல்லவும் மிதிபட்ட ஒற்றையடிப் பாதைகளுள் எவ்வெவற்றில் நடப்பார் குறைந்தனரோ, அவ்வவற்றைக் காடு மீட்டுக்கொண்டது. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி இன்று நம் மலைச்சரிவுகளில் ஆளுயரம் மண்டி, பாதையின் தடத்தையே மறைத்துவிடுகின்றது.

ஆகவே புதர் மூடிய வழியில் நடப்பவன், யாரும் தொடாத காட்டில் முதன்முதல் கால் வைப்பதாக எண்ணுவது மயக்கமே. அவன் பிறருடைய உழைப்பின் மங்கிய சுவடுகளின்மீது நடக்கின்றான். அவ்வழி அவனுக்குக் கொடையாகக் கிடைத்தது. கொடை பெற்றவன் கடன்பட்டவன் ஆவான். இந்தக் கடனுணர்வே இவ்வினாவுக்கு விடை காணும் திறவுகோல் என்பது என் கருத்து.

'என் உயிர் என்னுடையது; இடரும் என்னுடையது; இதில் பிறர்க்கு என்ன?' என்று சிலர் கேட்பர். இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. இடருக்கு அஞ்சாதார் சிலர் இருந்தமையாலன்றோ மலையில் வழிகளே தோன்றின? ஆயினும் இவ்வாதம் மூன்று இடங்களில் தளர்கின்றது.

முதலாவது, கோடை வெப்பத்தின் இயல்பு. கடும் வெயிலில் ஏறுபவன் உடலினின்று ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரையிலும், சிலபோது அதற்கு மேலும் நீர் வியர்வையாய் வெளியேறும். உடலின் வெப்பம் 40 பாகைக்கு மேல் ஏறின் மூளை தடுமாறும். அறிவு குழம்புதல் வெப்பத்தாக்கின் முதன்மையான அறிகுறி. எனவே 'ஆபத்து வந்தால் நான் பார்த்துக்கொள்வேன்' என்னும் உறுதி, எந்த வேளையில் தேவையோ அந்த வேளையிலேயே கைவிடும். தன்னை ஆளும் அறிவைத் தானே இழக்கக்கூடிய இடத்தில், தனி ஒருவனின் சுதந்திரத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுவது எங்ஙனம் பொருந்தும்? உடன் வருபவன் கண்ணே அங்கு நம் அறிவாக நின்று காக்க வேண்டும்.

இரண்டாவது, ஒருவனுடைய இடர் அவனோடு நிற்பதில்லை. 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நேர்ந்ததை நாடு மறந்திருக்காது. கொழுக்குமலைக்கு ஏறி மீண்டுகொண்டிருந்த குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் இளம் பெண்கள் பலர். காய்ந்த போதைப்புல் தீயை எத்துணை விரைவாகத் தாங்கிச் செல்லும் என்பதைச் சமவெளியில் வாழ்வோர் அறியார். சரிவு பத்துப் பாகை கூடுந்தோறும், மேல்நோக்கிப் படரும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பர் தீயியல் அறிந்தோர். மனிதனோ ஏறுந்தோறும் தளர்கின்றான். அன்று மலையடிவாரத்து ஊர்மக்கள் இருளில் ஏறிச் சென்று மீட்புப் பணியில் நின்றனர். வனத்துறையினரும் தீயணைப்போரும் சென்றனர். விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. இறந்தோர்மீது பழி கூறுதல் நம் நோக்கமன்று. அவர்கள் நம் இரக்கத்துக்கு உரியவர்கள். ஆனால் தன் உயிரை மட்டுமே பணயம் வைக்கின்றேன் என்று சொல்ல மலையில் எவர்க்கும் இயலாது என்பதை அந்நாள் காட்டிற்று. ஒருவன் வழி தவறினால், அவனைத் தேடப் பத்துப் பேர் அதே இருளில், அதே தீயில் இறங்க வேண்டியிருக்கின்றது.

மூன்றாவது காரணம் நம் மாவட்டத்திலேயே நிகழ்ந்தது, நெஞ்சை உலுக்குவது. வேலூர் மாவட்டத்து அணைக்கட்டுப் பகுதியில் அல்லேரி மலை உள்ளது. 2023 மே மாதத்தில் அம்மலைச் சிற்றூரொன்றில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு தீண்டியது. சரியான சாலை இல்லாமையால் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதில் காலம் கடந்தது, குழந்தை இறந்தது. திரும்பும்போது வண்டி வழியிலேயே நின்றுவிட, பெற்ற தாய் அக்குழந்தையின் உடலைக் கையில் ஏந்தியவாறு மலைப்பாதையில் பல கிலோமீட்டர் நடந்து சென்றாள்.

அன்பர்கள் இதனைச் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதே கோடை, அதே கரடுமுரடான வழி. ஒருவர்க்கு அது விடுமுறை நாளின் இன்பம்; மற்றொருவர்க்கு அது உயிரைக் குடித்த தடை. வேறு வழியின்றி நடப்போர் வாழும் மலையில், விருப்பத்தால் நடப்பவன் தன் கால்வலியைப் பெருமையாகப் பேசுவானாயின், அப்பேச்சில் ஏதோ ஒரு குறை இருப்பதை நம் மனச்சான்று உணர்கின்றதன்றோ? கடினமான வழியைத் தேர்ந்துகொண்டமை மட்டுமே ஒருவனுக்குச் சிறப்பைத் தந்துவிடாது. அவ்வழியில் நாள்தோறும் நடப்போர்க்கு அவன் எவ்வாறு கடமைப்படுகின்றான் என்பதிலேதான் சிறப்பு இருக்கின்றது.

அங்ஙனமாயின் மலையையே அடைத்துவிடலாமா எனின், அதுவும் முறையன்று. காணாத ஒன்றை எவரும் நேசியார். நேசியாத ஒன்றை எவரும் காவார். குரங்கணித் துயரத்துக்குப் பின் 2018இலேயே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் மாநிலத்தில் 40 பாதைகளைத் தேர்ந்து, பயிற்சி பெற்ற உள்ளூர் மக்களையே வழிகாட்டிகளாகக் கொண்ட திட்டமொன்று தொடங்கப்பட்டது. 2025இல் காட்டுத்தீக் காலத்தை முன்னிட்டு அப்பாதைகள் சில வாரங்கள் மூடவும் பட்டன. இவ்வேற்பாட்டில் ஓர் அறம் பொதிந்திருக்கின்றது. மலைக்கு உரியவன் முன்னே நடக்கின்றான். விருந்தினன் பின்னே செல்கின்றான். வழிகாட்டுபவனுக்குக் கூலியும் மதிப்பும் கிடைக்கின்றன. கோடையில் இலை உதிர்த்து, நீர்ச்சுனை வற்றி, விலங்குகளும் எஞ்சிய நீரை நாடி அலையும் காலத்தில் மலைக்கு ஓய்வு கொடுக்கப்படுகின்றது. அக்காலத்தில் நாம் தேடிச் செல்லும் நீர்நிலை, கரடிக்கும் மானுக்கும் எஞ்சிய ஒரே நீர்நிலையாக இருக்கலாம் அல்லவா?

நம் ஸம்பிரதாயத்திலும் இதற்கு இணையான ஒரு நெறியைக் காணலாம். அடர்ந்த காட்டு மலையாகிய சிங்கவேள்குன்றத்தை, அதாவது அகோபிலத்தை, பெரிய திருமொழியில் மங்களாசாசனம் செய்த திருமங்கையாழ்வார், அவ்வழியின் வெம்மையையும் தீயையும் கல்லையும் மறைக்காமல் பாடினார். எளிதில் சென்று காண இயலாத தலம் என்றே பாடினார். வாளேந்திய வீரராய் வாழ்ந்தவர் அவர். எனினும் அவ்வருமையைத் தம் வீரத்துக்குச் சான்றாக்கினாரல்லர். எம்பெருமானின் பெருமைக்கே உரியதாக்கினார். நம் பெரியோர் ஆத்மாவின் தலையாய நோய் என்று கூறியது ஸ்வாதந்திரியத்தை, அதாவது 'நான் எவரையும் சார்ந்தவனல்லேன்' என்னும் எண்ணத்தை. ஆசார்யனைப் பின்பற்றிச் செல்க என்று அவர்கள் வகுத்த நெறிக்கும், காட்டில் வழியறிந்தவனைப் பின்பற்றிச் செல்லுதலுக்கும் உள்ள ஒற்றுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. திருக்கடிகையின் படிகளையும் எண்ணுக. பின்னால் வருவோர் கால் வழுக்காதிருக்க முன்னால் சென்றோர் இட்ட கற்கள் அவை. 2024இல் அங்கே கம்பிவட ஊர்தியும் அமைக்கப்பட்டு, முதியோரும் நோயுற்றோரும் இன்று சேவிக்கின்றனர். ஏறும் வலிமை இல்லாதாரையும் ஏற்றிவிடும் வழியே அறத்துக்கு உகந்த வழி.

எனவே இளைஞர்களுக்கு நாம் சொல்லத்தக்கது இது. மலைக்குச் செல்க, ஆனால் கடனாளியாகச் செல்க. காப்புக்காட்டுக்குள் இசைவு பெற்றே நுழைக. மலைவாழ் ஒருவரைத் துணைக்கொண்டு, அவர் சொற்படி நடக்க. இன்ன வழி செல்கின்றோம், இன்ன நேரம் மீள்வோம் என்பதை வீட்டாரிடமும் அடிவாரத்து ஊராரிடமும் சொல்லிவிட்டுச் செல்க. கோடையாயின் விடியலில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் இறங்குக. தீக்குச்சியை மலைக்குக் கொண்டு செல்லாதிருக்க. குழுவில் மிகத் தளர்ந்தவர் எவரோ அவர் நடையே குழுவின் நடையாகட்டும். பாதை புதருள் மறைந்துவிட்டால், அவ்விடத்தில் திரும்புக. உச்சியைக் காணாது திரும்பியவனை ஏளனம் செய்யாத நண்பர்களோடு மட்டுமே மலையேறுக.

ஈண்டுத் திரும்புதலைப் பற்றி ஒரு சொல். முன்னேறுவதற்குக் காலின் வலிமை போதும்; காண்போர் புகழ்ச்சியும் அதற்குத் துணை நிற்கும். உச்சி கண்ணிற்படும் தூரத்தில் இருக்க, நீர் குறைந்துவிட்டது என்று கூறித் திரும்புவதற்கோ தன்னை வென்ற நெஞ்சம் வேண்டும். அச்செயலைப் புகழ எவரும் இரார். அதனால் காக்கப்பட்ட உயிர்கள் எவையென்று எவரும் அறியார். பலனை எண்ணாது செய்யும் செயல் என்று நாம் நாள்தோறும் கேட்டுவரும் சொற்றொடருக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

மலையினின்று மீண்டவன் தன் கடனைச் சமவெளியிலும் செலுத்துதல் வேண்டும். தான் நடந்த வழியில் வாழும் மக்களுக்குச் சாலை உண்டா, மருத்துவ வசதி உண்டா, பாம்புக்கடி மருந்து அருகில் கிடைக்கின்றதா என்று வினவுக. இல்லையெனின் உரியோரிடம் எடுத்துரைக்க, இயன்றதைச் செய்க. விரும்பி மலையேறிய கால்கள், வேறு வழியின்றி நடப்போரின் சுமையைக் குறைக்கவும் ஒருநாள் நடக்குமாயின், அம்மலையேற்றம் துணிவா செருக்கா என்று எவரும் வினவ வேண்டியதில்லை.