வீட்டை விற்போன் கடன்

"வீடு என்னுடையது, விற்பது என் விருப்பம்" என்கிறார் வீட்டுக்காரர். "முப்பது வருஷமாய் இங்கே உலை வைத்தவன் நான், எங்கே போவேன்?" என்கிறார் குடியிருப்பவர். இருவர் சொல்லும் உண்மையே. அங்ஙனமாயின் நியாயம் யாது?

இந்நாட்டில் 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி இறுதிக்குள் எழுந்த கட்டிடங்களின் வாடகை ஏறாதபடி அணை போட்டிருந்தது. பழைய கடைவீடுகளில் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் அதனால் தலைசாய்க்க இடம் பெற்றன. நல்லதே. ஆனால் அந்த மானியத்தைக் கொடுத்தது யார்? சர்க்கார் கஜானா அன்று, வீட்டுக்காரர். அவருள் செல்வரும் இருந்தார். கணவன் விட்டுச்சென்ற ஒரே வீட்டை நம்பிய கைம்பெண்ணும் இருந்தாள். குறைந்த வாடகைக்கு வீடு பிடித்து, அறை அறையாய் உள்வாடகைக்கு விட்டு ஆதாயம் கண்ட குடியிருப்போரும் உண்டு என்பதை மறைத்துப் பயனில்லை. 1997 செப்டம்பரில் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1999 முடிய மாறுதலுக்குத் தவணை தரப்பட்டது. பிறர் கைப்பொருளைக்கொண்டு இரக்கம் காட்டிய அரசு விலகிக்கொள்ள, பாரம் ஒரு தோளினின்று மறு தோளுக்கு மாறியது. "எல்லாம் தலைவிதி" என்றனர் சிலர். சட்டசபையில் கைதூக்கி நிறைவேற்றியதற்கு விதி என்று பெயரா?

தண்ணீரை நிறுத்துதல், பூட்டை மாற்றுதல் முதலிய தந்திரங்களைப் பற்றி அதிகம் பேச வேண்டுவதில்லை. தவணை முடிந்தும் வெளியேறாத குடியிருப்பாளரைக் கோர்ட்டு வழியாகவன்றி அகற்றலாகாது என்று 1950-ஆம் ஆண்டின் ஸ்பெசிபிக் ரிலீப் சட்டம் 7-ஆம் பிரிவு தடுக்கிறது.

நமது கேள்வி அதற்கும் அப்பாற்பட்டது. காலி வீட்டுக்கு ஒரு விலை, ஆள் இருக்கும் வீட்டுக்கு அதனிற் குறைந்த விலை என்பதைச் செந்தூல் முதல் கிள்ளான் வரை எந்தத் தரகரும் அறிவார். அவ்விரு விலைக்கும் இடையேயுள்ள தொகையை உண்டாக்குவது எது? குடியிருப்பவர் எழுந்து போகும் செயலே. ஆகவே அவருக்குக் கொடுக்கும் பணம் தர்மமன்று. அவர் விட்டுக்கொடுப்பதற்கு ஈடு. தர்மமென்று கொடுப்பவர் கால்பங்கு கொடுத்துக் கும்பிடும் எதிர்பார்ப்பார். ஈடென்று எண்ணுபவர் கணக்குப் பார்ப்பார். புது வீட்டு முன்பணம், லாரிக் கூலி, பிள்ளையின் பள்ளிக்கூடத் தவணை முடியும் வரை அவகாசம், இவை கணக்கில் வரும். கட்டிடத்தின் விலையிற் பாதி வாராது. அப்படிக் கேட்டு வீம்பு செய்யும் குடியிருப்பவரும் நியாயம் கடந்தவரே.

தோட்டத்து லயத்துக்கு இக்கணக்கு மாறும். "இலவச வீடு" என்று துரைமார் பெருமை பேசினர். கூலி குறைவாயிருந்ததே அவ்வீட்டைக் காட்டித்தானே! அப்படியாயின் அது இலவசமன்று, கூலியின் ஒரு பகுதி. 1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வேலையோடு வீடும் போயிற்று. அக்கூலிப் பகுதிக்கு ஈடு கேட்கப் பலர் அறியார். 1960-இல் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றித் தொழிலாளர் பங்குப் பணத்தில் தோட்டங்களையே வாங்க முற்பட்டது இதற்கு விடையாகவே.

பிரிக்பீல்ட்ஸில் இன்று வீடு விற்கும் நம்மவர் பலர் அந்த லயங்களிற் பிறந்தவர்களின் மக்கள். குடியிருப்பவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புமுன், ஒரு மாலைப்பொழுது அவர் வீட்டில் உட்கார்ந்து, தொகையையும் தேதியையும் அவர் படிக்கக்கூடிய மொழியில் எழுதி, இருவரும் கையெழுத்திட எவ்வளவு நேரம் ஆகும்?