எத்தனை தலைமுறை வேண்டும்?

"நீங்க எங்கிருந்து வந்தவங்க?" என்று மலேசியாவில் யாராவது சீண்டினால், நம்மவர்கள் கையில் மலாக்கா தயாராக இருக்கும். சுல்தான் காலத்திலேயே தமிழர் இங்கே வணிகம் செய்தார்கள். போர்த்துக்கீசியர் கோட்டை எழும்புவதற்கு முன்பே வந்துவிட்டோம். உண்மைதான். ஆனால் அந்தக் கோட்டைக்குப் போய் நிற்கும்போது அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

செராசிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். செயின்ட் பால் குன்றின் அடிவாரத்தில் எஞ்சியிருப்பது சந்தியாகோ வாசல் மட்டும். 1511இல் அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்ததும் போர்த்துக்கீசியர் எழுப்பிய கோட்டையின் வாசல் அது. வளைவுக்கு மேலே அண்ணாந்து பார்த்தால் 1670 என்ற ஆண்டும் டச்சுக் கம்பெனியின் சின்னமும் தெரியும். 1641இல் ஊரைப் பிடித்தவர்கள் பிற்பாடு பதித்த முத்திரை. செம்புறாங்கல்லின் முகமெல்லாம் குழிகுழியாக அரித்திருக்கிறது, கைவைத்தால் சொரசொரக்கிறது. ஒரு காலத்தில் இதன் காலடிவரை அலை வந்தது. இப்போது கடலைத் தூர்த்து, எதிரே பேரங்காடி.

இடித்தவர்கள் ஆங்கிலேயர். ஐரோப்பியப் போரின்போது கைக்கு வந்த மலாக்காவை என்றாவது டச்சுக்காரரிடம் திருப்பித் தரவேண்டி வரும், அப்போது பினாங்குக்கு அது போட்டியாகிவிடக் கூடாது என்ற கணக்கில் 1807இல் இடிப்பைத் தொடங்கி, வெடிமருந்து வைத்தார்கள். யானை அளவுக் கற்கள் பறந்து விழுந்ததையும், கோட்டைக்குள் பேய் இருக்கிறதென்று ஊரார் வேலைக்குப் போகவே அஞ்சியதையும் எழுதிவைத்தவர், அப்போது சிறுவனாக இருந்த முன்ஷி அப்துல்லா. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று நாடு கொண்டாடும் அவருடைய முப்பாட்டனார் ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து, அங்கே தமிழ்ப் பெண்ணை மணந்தவர். அப்துல்லாவும் சிறுவயதில் தமிழ் படித்தவர்தான்.

அவருக்கு முந்நூறு ஆண்டுகள் முன்பு இன்னொருவர். நினா சத்து என்று போர்த்துக்கீசியர் எழுதிவைத்த தமிழ் வணிகர். மலாக்காவில் சிறைப்பட்ட போர்த்துக்கீசியருக்கு உதவினார். வென்றதும் அவர்கள் அவரை பெண்டஹாரா என்ற உயர் பதவியில் அமர்த்தினார்கள். 1514இல் அந்தப் பதவியை இன்னொருவருக்குக் கொடுத்தபோது, சந்தனக் கட்டை அடுக்கித் தீயில் இறங்கினார். துரோகியா, தன் மக்களைக் காக்கப் பார்த்தவரா? முன்பே வந்தோம் என்று பெருமை பேசும் மேடைகளில் இவர் பெயர் வருவதில்லை. பழமை வேண்டுமென்றால் இவரும் அதில் சேர்த்திதானே.

மலாக்காவின் காஜா பெராங்கில் வாழும், அந்தப் பழைய வணிகர் வழிவந்த செட்டி மக்களைப் பாருங்கள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனை. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. ஆண்டுக் கணக்கு பார்த்தால் நம்மில் யாரும் அவர்கள் பக்கத்தில் நிற்க முடியாது.

என் தாத்தாவிடம் சுல்தான் காலத்துக் கதை கிடையாது. கப்பலேறி வந்தார், ரப்பர் தோட்டத்து லயன் வீட்டில் இருந்தார், விடியுமுன் எழுந்து பால் வெட்டினார். அவருக்கு இந்த மண்ணில் பங்கு குறைவா? முதலில் வந்தவர் யார் என்ற அளவுகோலை நாமே எடுத்து நீட்டினால், அது முதலில் கழித்துப்போடுவது அவரைத்தான். ஐந்நூறு ஆண்டுப் பெருமையைச் சொல்லி அவரை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இந்த வாசலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கட்டி, இன்னொருவர் முத்திரையிட்டு, மூன்றாமவர் இடித்தது போக மிஞ்சியது. 2008இல் மலாக்கா யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது, நாடு இதையும் தன்னுடையதென்றே சொன்னது. சரியாகத்தான் சொன்னது.

என் மகள் வாசலடியில் நின்று கேட்டாள்: "அப்பா, இதைக் கட்டுறப்ப நம்ம ஆளுங்க இங்க இருந்தாங்களா?"

"தமிழங்க இருந்தாங்கம்மா. நம்ம தாத்தா ரொம்பப் பிந்தி வந்தவரு. அவரு கட்டினது வேற."

அடுத்த பள்ளி விடுமுறைக்கு அவளை அந்தத் தோட்டத்துக்கு அழைத்துப்போக வேண்டும். ரப்பர் போய் இப்போது செம்பனை. விளக்கப் பலகை எதுவும் அங்கே இருக்காது. லயன் எங்கே இருந்தது, தாத்தாவின் நிரை எது என்று நான்தான் காட்ட வேண்டும். அதற்கு முன், என் அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், அவருக்கு நினைவு இருக்கும்போதே.