முதலில் எந்த வீட்டில் சொல்வது?

விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில், தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023 ஜூன் 7 அன்று வருவாய்த் துறையினர் சீல் வைத்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில், திருவிழாவின்போது கோயிலுக்குள் போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டதில் தொடங்கிய சிக்கல் அது. 2024 மார்ச்சில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி பூசைக்காக மட்டும் கதவு திறந்தது. 2025 ஏப்ரலில் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்ச் சாமி கும்பிட்டார்கள். இந்த இரண்டு ஆண்டுகளும் அந்த ஊரில் பிள்ளைகள் வளர்ந்துகொண்டுதான் இருந்தார்கள். பூட்டிய கோயிலைக் காட்டி, "ஏம்மா பூட்டி வெச்சிருக்காங்க?" என்று எட்டு வயதுப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? ஊர்த்தெருவில் ஒரு பதில் இருக்கும், தலித் மக்கள் வாழும் காலனியில் வேறொரு பதில் இருக்கும். இரண்டுக்கும் வெளியே, "உனக்கு எதுக்கு அதெல்லாம், போய்ப் படி" என்ற பதிலும் உண்டு.

படித்தவர்கள் பலர் இந்த மூன்றாவது பதிலையே நல்ல பதில் என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சாதியைப் பேசாமல் விடுவது தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் புரட்சியாகவே இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொன்னது. மாநாட்டுத் தலைவர் சவுந்தரபாண்டியனே தம் பட்டத்தைத் துறந்தார். இன்று தமிழ்நாட்டின் பெரும்பாலான வகுப்பறைகளில் ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது சாதி காதில் விழுவதில்லை. இந்தியாவின் பல மாநிலங்களில் இதைக் காண முடியாது. சொல்லாமல் விட்டால் செத்துப்போகும், சொல்லிக் கொடுத்தால் வேர் பிடிக்கும் என்று நினைப்பவர்களுக்கு இந்த அனுபவம் துணை நிற்கிறது. தவிர, குழந்தைப் பருவம் கொஞ்ச காலம்தான். அதில் இந்தக் கசப்பை ஏன் கலக்க வேண்டும் என்ற பரிவும் அவர்களுக்கு உண்டு.

ஆனால் இந்த வாதம், வீட்டில் சொல்லாத ஒன்றைப் பிள்ளை அறியாது என்ற நம்பிக்கையின்மேல் நிற்கிறது. அந்த நம்பிக்கை பிழை. பெயரிலிருந்து சாதி போனது, தெருவிலிருந்து போகவில்லை. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் "வீடு ஊர்லயா, காலனியிலயா?" என்று கேட்டாலே போதும், மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை. பாட்டி எந்தத் தெருப் பிள்ளையைத் திண்ணையோடு நிறுத்துகிறாள், அப்பா யாரை வயதில் மூத்தவர் என்றும் பாராமல் பெயர் சொல்லி அழைக்கிறார், யார் வீட்டுக் கல்யாணத்தில் மொய் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் திரும்புகிறார்கள் என்பதையெல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். வயதுக்கு வந்த பெண்ணிடம் "நம்மாளுங்க தவிர யார்கிட்டயும் பேச்சு வெச்சுக்காதே" என்கிறார்கள். அதுவும் சாதியைப் பற்றிப் பிள்ளையிடம் பேசுவதுதான்.

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியல் அறிஞர்களான தம்பதி, 1940-களில் மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள கருப்பினக் குழந்தைகளிடம் நிறம் மட்டும் வேறான பொம்மைகளைக் காட்டி, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றார்கள். நிறவெறியை யாரும் அவர்களுக்குப் பாடமாக நடத்தியிருக்கவில்லை. நிறப் பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்தபோது இத்தகைய ஆய்வுகளையும் கணக்கில் கொண்டது.

பேசத் தயங்காதவர்களும் ஊரில் உண்டு. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாங்குளத்தில் தின்பண்டம் வாங்க வந்த தலித் சிறுவர்களிடம் ஒரு கடைக்காரர், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள், இனி உங்களுக்கு எதுவும் கிடையாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்ற பொருளில் பேசிய காட்சியை நாடே பார்த்தது. கடைக்குச் சீல் வைக்கப்பட்டது, வழக்கும் பதிவானது. பெற்றோரும் ஆசிரியரும் எப்போது, எப்படிச் சொல்வது என்று தயங்கி நிற்கையில், அந்தக் கடைக்காரர் எந்தத் தயக்கமும் இல்லாமல் பாடத்தை நடத்தி முடித்துவிட்டார். பிள்ளைக்கு யாராவது சொல்லத்தான் போகிறார்கள். அது யார் என்பதில் மட்டுமே நமக்குத் தேர்வு இருக்கிறது.

அந்தத் தேர்வும் எல்லா வீட்டுக்கும் இல்லை என்பதுதான் இந்த விஷயத்தின் அடிப்படை அநீதி. அம்பேத்கர் தம் பள்ளி நாட்களை எழுதியிருக்கிறார்: உட்காரச் சாக்குத்துணியை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும், பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். அந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று வீட்டில் யாரும் யோசித்திருக்க முடியாது. காலனித் தாய் இன்றும் தன் மகனிடம் சொல்லித்தான் அனுப்புகிறாள்: அந்தத் தெரு வழியாக வண்டியை முறுக்காதே, திருவிழா அன்று வம்புக்குப் போகாதே. அமெரிக்கக் கருப்பினப் பெற்றோர், போலீஸ் நிறுத்தினால் கையை எங்கே வைக்க வேண்டும் என்று மகனுக்குச் சொல்லித் தருகிறார்கள். இருளர் குடியிருப்பில் பிள்ளைகள் போலீஸ் ஜீப்பைப் பார்த்துப் பயப்படக் கற்றது யாரும் பாடம் நடத்தியதால் அல்ல. பொய்த் திருட்டு வழக்குகள் அந்த மக்களை எப்படித் துரத்தின என்பதை, திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியே பல ஆண்டுகளாக நடத்திவரும் போராட்டம் காட்டும்.

ஆக, இன்று நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு இது: அடி வாங்கக்கூடிய பிள்ளைக்கு எச்சரிக்கை, அடிக்கக்கூடிய பிள்ளைக்கு எதுவும் சொல்லப்படுவதில்லை. அறம் இதைத் தலைகீழாக்கச் சொல்கிறது. தவறு எந்தப் பக்கத்திலிருந்து வரக்கூடுமோ அந்தப் பக்கத்து வீட்டில்தான் பேச்சு முதலில் தொடங்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன் ஒருவன் தன் வீட்டிலேயே வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்கள் அவனுடன் படித்த மாணவர்கள். அவர்கள் தன்னைத் துன்புறுத்துவதைப் பள்ளியில் அவன் சொன்னதுதான் காரணம். வெட்டுப்பட்ட பிள்ளைக்குச் சாதி என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெட்டிய பிள்ளைகளின் வீட்டில், அரிவாள் கைக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே யாராவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

ஏன் பேசுவதில்லை? பிள்ளையின் மனம் நோகும் என்பது வெளியே சொல்லும் காரணம். உள்ளே இருக்கும் காரணம் வேறு. தீண்டாமை தவறு என்று பிள்ளைக்குச் சொன்னால், மறுநாளே அது திரும்பிக் கேட்கும்: "அப்போ தாத்தா ஏன் கொல்லையில வேலை செய்ய வந்தவருக்குத் தனி டம்ளர்ல தர்றாரு?" இந்தக் கேள்விக்கு முகம் கொடுக்கத் துணிவில்லாததால்தான் பெரியவர்கள் வாய் திறப்பதில்லை. அந்த மௌனம் காப்பாற்றுவது குழந்தையை அன்று, பெரியவர்களை.

இன்னொரு மறுப்பு வரும், அதற்கு நேர்மையாக முகம் கொடுக்க வேண்டும். "நாங்களும்தானே ஒடுக்கப்பட்டவர்கள்?" விழுப்புரம் மாவட்டத்தில் அது வெறும் சாக்கு அன்று. 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு வன்னியர்கள் நடத்திய ஒருவார சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாக விழுப்புரத்தில் எழுந்த மணிமண்டபம் 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஒரு வன்னியர் வீட்டுப் பிள்ளை அங்கே போய்த் தன் மக்கள் பட்ட பாட்டைத் தெரிந்துகொள்வது முழுக்க நியாயம். அதே விழுப்புரத்தில் 1978 ஜூலையில் மூண்ட சாதிக் கலவரத்தில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டதையும், 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணம் கட்டையன் தெருவில் தலித் வீடுகள் எரிந்ததையும் அந்தப் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டும் என்பதும் அதே நியாயம்தான். பட்ட காயத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தால் வன்மம்தான் வளரும். இந்தக் கணக்கிலிருந்து தலித் வீடும் தப்பாது. இருளர் பிள்ளையை அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்கலாம். சாதி ஏணியில் ஏறக்குறைய எல்லோருக்கும் கீழே ஒருவர் வைக்கப்பட்டிருக்கிறார். ஆகவே "முதலில் எந்த வீட்டில்?" என்ற கேள்விக்கு, தனக்குக் கீழே ஒருவர் நிற்கிற ஒவ்வொரு வீட்டிலும் என்பதே பதில்.

எப்படிச் சொல்வது என்பதிலும் அறம் உண்டு. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அயோவா மாநிலத்து ஆசிரியை ஜேன் எலியட் தம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்துப் பிரித்து, ஒரு பிரிவை உயர்த்தியும் மறு பிரிவைத் தாழ்த்தியும் நடத்தினார். மறுமுறை பிரிவுகளை மாற்றினார். பாரபட்சம் எவ்வளவு விரைவில் பிள்ளைகளிடம் ஒட்டிக்கொள்கிறது என்பதை உலகுக்குக் காட்டிய பயிற்சி அது. ஆனாலும் சின்னப் பிள்ளையை அவமானப்படுத்தித்தான் அவமானத்தைப் புரியவைக்க வேண்டுமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. வேண்டாம் என்பதே சரி. நம் வகுப்பறைகளில் அவமானத்தை அனுபவமாகவே அறிந்த பிள்ளைகள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள். இரக்கமும் வேண்டாம். "பாவம், அவங்களும் மனுஷங்கதானே" என்று சொல்லும் வீட்டில் பிள்ளை மேல்படியில் நின்று குனிந்து பார்க்கவே கற்கிறது.

சொல்ல வேண்டியது நடந்ததை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு, யாரையும் தெருவையும் பிறப்பையும் பார்த்து ஒதுக்குவது தப்பு என்பது போதும். நியாயம், அநியாயம் அந்த வயதில் நன்றாகவே புரியும். பத்து வயதில் சொந்த மாவட்டத்தையே பாடமாக்கலாம். விழுப்புரம் செஞ்சிப் பக்கத்துப் பிரம்மதேசத்துக்கும் அருகிலுள்ள எண்ணாயிரத்துக்கும் மாணவர்களைச் சுற்றுலா அழைத்துப் போகிறவர்கள், முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டில் 340 மாணவர்களுக்கு நெல் அளந்த செய்தியைப் பெருமையோடு சொல்வார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். அந்த வேதக் கல்லூரியில் யார் உட்கார முடியும் என்பதைப் பிறப்பே முடிவு செய்தது, நெல்லை விளைவித்தவர் பிள்ளைக்கு அங்கே இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் வரலாறு முழுமையாகும். பதின்ம வயதில் தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவையும், தீண்டாமைக்கும் வன்கொடுமைக்கும் எதிரான 1955, 1989-ஆம் ஆண்டுச் சட்டங்களையும், அவை ஏன் தேவைப்பட்டன என்பதையும் பேசலாம். அரசு ஆவணங்களில் "காலனி" என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஏன் நீக்கினார்கள் என்று விளக்கப் பெரியவர்கள் இல்லாவிட்டால் அது பலகை மாற்றத்தோடு நின்றுவிடும். தவறு செய்தவர்களைச் சொல்லும்போது எதிர்த்து நின்றவர்களையும் சொல்ல வேண்டும். அப்போதுதான் பிள்ளைக்குத் தான் யார் பக்கம் நிற்பது என்ற வழி தெரியும்.

பள்ளிக்கும் இதில் பங்கு உண்டு. பாடநூல்களின் முன்பக்கத்தில் தீண்டாமை பாவம் என்றும் குற்றம் என்றும் மனிதத்தன்மைக்கு மாறானது என்றும் பல தலைமுறைகளாக அச்சிடுகிறோம். அதை வாய்விட்டுப் படித்து விளக்குகிற வகுப்புகள் குறைவு. நாங்குநேரிக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, மாணவர் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுப்பது, வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு இல்லாமல் செய்வது, ஆசிரியர் மாணவரைச் சாதி சுட்டி அழைக்காதிருப்பது என்று அது பரிந்துரைத்தது. இவை அடையாளத்தை மறைக்கும் ஏற்பாடுகள், தேவையானவை. மறைப்பது பேசுவதற்கு மாற்றாகாது. "எஸ்சி பசங்க எல்லாம் எழுந்திருங்க" என்று உதவித்தொகைக்காக வகுப்பில் கூப்பிடுவதை நிறுத்த வேண்டும். அதே வகுப்பில் அந்த உதவித்தொகை ஏன் வந்தது என்பதை எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடமாக நடத்தவும் வேண்டும். ஒரு பிள்ளையைத் தனியே சுட்டாமல் சாதியைப் பற்றிப் பேச முடியும். நல்ல ஆசிரியர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள்.

பேச்சு மட்டும் போதாது என்பதையும் மறக்கக் கூடாது. அம்மா அப்பா சொல்வதைவிட, வீட்டுக்குள் யார் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதைப் பிள்ளை உறுதியாக நம்பும். சமத்துவம் பேசிவிட்டுத் தனி டம்ளரை அலமாரியில் வைத்திருக்கும் வீட்டில், பேச்சு பொய் என்பதைப் பிள்ளை கற்கும். அதைவிட மௌனமே மேல் என்றுகூடச் சொல்லலாம். ஆகவே பேசத் துணிகிறவர்கள் முதலில் அந்த டம்ளரை எடுத்துவிட்டுப் பேசட்டும். தாத்தாவோடு சண்டை வந்தால் வரட்டும். அந்தச் சண்டையைப் பிள்ளை பார்ப்பதும் ஒரு பாடமே. காலனித் தாய் எத்தனையோ தலைமுறையாகத் தன் பிள்ளையிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். ஊர்த்தெருத் தாயும் தந்தையும் பேசத் தொடங்க வேண்டிய முறை இது.