கயிறு பிடிப்பவனின் அமானிதம்

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊர் வந்திருந்த பழைய மாணவன் ஒருவன், மஃரிப் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் என்னைப் பிடித்துக்கொண்டான். புத்தளத்து அகதி முகாமில், ஓலைக் கொட்டில் பாடசாலையொன்றில் நான் முதன்முதலாகப் படிப்பித்த பிள்ளைகளில் அவனும் ஒருவன். 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம். அவன் பிறந்ததே முகாமில்தான். வாப்பா பின்னாளில் வாங்கிய காணித்துண்டை விற்று, போதாததற்குக் கடனும்பட்டு, இரத்மலானையில் அவனை விமானம் ஓட்டப் படிப்பித்தார். இன்று அவன் அயல்நாடொன்றில், தீவுகளுக்கும் சிறு நகரங்களுக்கும் பறக்கும் சிறிய கம்பனியொன்றில் துணை விமானி.

"சேர், கம்பனி எப்ப மூடும் எண்டு தெரியாது. ரெண்டு மாசச் சம்பளம் வரல்ல. பாதிப்பேர் வேற இடத்துக்குப் போயிட்டாங்க. போன ஆக்கள்ட வேலையும் எங்கட தலையிலதான். நான் போறதா, இருக்கிறதா?" என்று கேட்டான்.

நான் மறுமொழி சொல்லுமுன் அவனே இன்னொன்றையும் சொன்னான். "ஒரு நாள் ராவு, அண்டைக்கு ஆறாவது தரம் இறக்கினம். கதவு திறந்து சனம் இறங்கிப் போகக்குள்ளதான் யோசிச்சன். இறக்கினது எனக்கு ஞாபகமே இல்ல, சேர்."

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அவன் கேட்ட கேள்வி அவனுக்கு மட்டும் உரியதல்ல. 2022க்குப் பிறகு இந்த நாட்டில் வைத்தியரும் தாதியரும் பொறியியலாளரும் ஆசிரியரும் தமக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி அது. ஆட்டங்காணும் ஓர் இடத்தை விட்டுப் போவது துரோகமா? அங்கேயே இருப்பது விசுவாசமா? மார்க்கமும் மனச்சாட்சியும் இதில் நம்மிடம் எதைக் கேட்கின்றன?

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விமானி பெரிய சம்பளக்காரன்; ஓரிடம் சரியில்லாவிட்டால் இன்னோரிடம் பறந்துவிடுவான். உள்ளே நிலைமை வேறு. விமானிக்கு ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனித்தனியாகப் பயிற்சியும் அனுமதியும் வேண்டும். அந்தப் பயிற்சிக்குக் கம்பனி பணம் கட்டினால், இத்தனை வருடம் இங்கேயே வேலை செய்வேன் என்று கையொப்பமும் வாங்கிக்கொள்வது பரவலான வழக்கம். அத்தொழிலில் மூப்புத்தான் எல்லாம். எந்த மாதம் லீவு, எப்போது கப்டன் பதவி என்பதை அநேக கம்பனிகளில் மூப்புப் பட்டியலே தீர்மானிக்கிறது. வேறு கம்பனிக்குப் போனால் அந்த மூப்பு கூட வராது. அங்கே பட்டியலின் அடியிலிருந்து தொடங்கவேண்டும். வைத்தியப் பரிசோதனையில் ஒரு தடவை தவறினால் தொழிலே நின்றுபோகலாம். ஆகவே, கம்பனி தள்ளாடும்போது போவதிலும் நட்டம், இருப்பதிலும் நட்டம். இந்த இரண்டு நட்டங்களுக்கும் நடுவில்தான் அவன் நித்திரையில்லாமல் விமானம் ஓட்டுகிறான்.

அந்த நித்திரையின்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு சம்பவம். 2009 பெப்ரவரி 12ஆந் திகதி, அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கொல்கன் எயார் என்ற பிராந்தியக் கம்பனியின் விமானம் வீழ்ந்தது. விமானத்திலிருந்த 49 பேரும் தரையில் ஒருவருமாக 50 பேர் மாண்டனர். விமானி அந்த நேரத்தில் செய்யவேண்டியதற்கு மாறாகச் செய்தார் என்பதே விசாரணையின் முடிவு. ஆனால் விசாரணை இன்னொரு வாழ்க்கையையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. துணை விமானியான இளம்பெண் குறைந்த சம்பளக்காரி. நாட்டின் மேற்குக் கரையில் பெற்றோர் வீட்டில் வசித்து, முதல் நாளிரவு முழுக்க வேறு விமானங்களில் பயணம் செய்து கிழக்குக் கரையில் வேலைக்கு வந்திருந்தார். சோர்வு அவர்களைப் பாதித்திருக்கக்கூடும், எவ்வளவு என்று அறுதியிட முடியாது என்றது அறிக்கை. அதன் பின்னர்தான் அந்நாட்டில் ஓய்வு நேர விதிகள் இறுக்கப்பட்டன. ஐம்பது ஜனாஸாக்களுக்குப் பிறகு கிடைத்த ஓய்வு அது.

நம் நாட்டின் கதைக்கு வருவோம். எயார் சிலோன் மூடப்பட்ட பின் 1979இல் எயார் லங்கா தொடங்கியது. 1998இல் எமிரேட்ஸ் பங்கு வாங்கி நிர்வாகத்தையும் ஏற்க, அது ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் ஆயிற்று. 2001 ஜூலை 24இல் கட்டுநாயக்கத் தாக்குதலில் விமானங்கள் எரிந்தன. அதையும் தாங்கிக்கொண்டது. 2007 டிசெம்பரில், ஜனாதிபதியின் பரிவாரத்துக்காக ஏற்கெனவே ஆசனம் பெற்ற பயணிகளை இறக்கமுடியாது என்று நிர்வாகம் மறுத்தது. தலைமை நிர்வாகியின் விசா இரத்தாயிற்று. மறு வருடம் எமிரேட்ஸ் நிர்வாகத்திலிருந்து விலகியது. இந்நிறுவனத்துக்கான விமானக் கொள்வனவில் கையூட்டு கொடுக்கப்பட்ட விபரம், 2020இல் ஏர்பஸ் லண்டனில் செய்துகொண்ட உடன்பாட்டில் வெளிவந்தது. கப்பலின் கீழ்த்தட்டில் இருப்பவர் தண்ணீருக்காகத் துளையிட்டால் மேல்தட்டுக்காரர் தடுக்கவேண்டும், இல்லையேல் எல்லோரும் மூழ்குவர் என்ற பெருமானாரின் (ஸல்) உவமையை நாம் அறிவோம். இங்கே துளையிட்டவர்கள் மேல்தட்டில் இருந்தார்கள். கீழ்த்தட்டுக்காரன் வாளியோடு தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான்.

2022 ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. விமானங்கள் எண்ணெய்க்காகச் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கிப் போயின. நிறுவனத்தை விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு ஒருபுறம், ரூபாவின் பெறுமதி கரைந்தது மறுபுறம். விமானிகள் பலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். அந்த நாட்களில்தான், 2022 ஜூன் 13ஆந் திகதி, லண்டனிலிருந்து கொழும்புக்கு 275 பயணிகளுடன் வந்த விமானத்தை, துருக்கியின் வான்பரப்பில் 33,000 அடியிலிருந்து 35,000 அடிக்கு ஏறும்படி தரைக் கட்டுப்பாட்டாளர் சொன்னதாகச் செய்திகள் வந்தன. அந்த உயரத்தில் பதினைந்து மைல் தூரத்தில் இன்னொரு விமானம் போவதைக் கண்டிருந்த விமானிகள் ஏற மறுத்தார்கள். அவர்களுடைய விழிப்பைப் பாராட்டி நிறுவனமும் அறிக்கை விட்டது.

நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அந்த விமானிகளின் வீட்டாரும் கேஸ் வரிசையில் நின்றிருக்கலாம். அவர்களுடைய பைகளிலும் வேறு கம்பனியின் விண்ணப்பப் படிவம் இருந்திருக்கலாம். அது குற்றமில்லை. அந்த நிமிடத்தில் அவர்கள் மனம் எங்கே இருந்தது என்பதே கேள்வி. அது முதுகுக்குப் பின்னால் இருந்த 275 பேரிடம் இருந்தது.

மன்னார்க் கடலுக்கு இதே விடயத்தில் வேறொரு நினைவு உண்டு. 1998 செப்டெம்பர் 29ஆந் திகதி, பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்டனோவ் விமானம், 48 பயணிகளும் 7 பணியாளருமாக நம் கடலுக்கு மேலே காணாமற்போனது. யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை பூட்டியிருந்த காலம். ஆஸ்பத்திரிக்கும் வெளிநாட்டு அலுவலுக்கும் போகும் சாதாரண தமிழ்ச் சனங்களே பெரும்பாலும் அதில் இருந்தார்கள். புலிகளே அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். 2012இல் இரணைதீவுக்கு அப்பால் கடலடியில் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. பின்னர் எடுக்கப்பட்ட உடுப்புகளையும் பொருட்களையும் 2014இல் யாழ்ப்பாணத்தில் வைத்து, அடையாளம் காட்டும்படி உறவினரை அழைத்தார்கள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஒரு சட்டைத்துண்டைப் பார்த்துப் பிள்ளையை அறிந்துகொள்வது எத்தகைய வேதனை!

கொன்றவன் பாவம் கொன்றவனுக்கே. அதில் ஓர் அணுவும் வேறெவர் தலையிலும் இறங்காது. ஆனால், கம்பனிக்கு முன்பே எச்சரிக்கை வந்திருந்ததாக அக்காலத்தில் செய்திகள் வந்தன. ஆபத்தை அறிந்தவர் யார், அறியாமல் ஏறியவர் யார் என்ற கேள்வி ஒவ்வொரு கப்பலுக்கும், பஸ்ஸுக்கும், விமானத்துக்கும் உண்டு. ஏறுகிறவனுக்குத் தெரியாத ஆபத்தை ஓட்டுகிறவனும் அனுப்புகிறவனும் அறிந்திருந்தால், அந்த அறிவே ஓர் அமானிதம். அதை மறைத்துக்கொண்டு "தவக்குல்" என்று சொல்வது தகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கவேண்டும் என்பது நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

இனி, போவதா இருப்பதா என்ற கேள்வி. ஹிஜ்ரத்தை ஆண்டுக் கணக்காகக் கொண்ட சமூகம் நாம். போவதைக் குற்றமென்று நாம் எப்படிச் சொல்வது? ஆனால், அனுமதி வருமுன் தம் சமூகத்தை விட்டுக் கோபத்தோடு போய்க் கப்பலேறிய யூனுஸ் நபியின் (அலை) வரலாறும் நம்மிடம் இருக்கிறது. இரண்டையும் எப்படிப் பொருத்துவது?

அம்வாஸ் கொள்ளைநோய்க் காலத்து வரலாறு எனக்கு இதில் வழிகாட்டுகிறது. ஷாம் தேசத்தில் நோய் பரவியதாக அறிந்த கலீபா உமர் (ரழி) பாதிவழியில் திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரழி) கேட்டபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே போகிறோம் என்றார்கள் உமர். பின்னர், நோய் பரவிய இடத்திலிருந்து வந்துவிடும்படி அழைப்பு வந்தும் அபூ உபைதா வரவில்லை. தம் படையினரோடு இருந்து, அந்நோயிலேயே மரணமானார்கள். ஒருவர் திரும்பினார், ஒருவர் தங்கினார். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் எதிரெதிர். உற்றுப் பார்த்தால் இருவரும் ஒரே கணக்கைத்தான் பார்த்தார்கள். என்னோடு இருப்பவர்கள் யார், அவர்களுக்கு என்ன ஆகும்? உமர் திரும்பியது கூட வந்த தோழர்களை நோய்க்குள் கொண்டுபோகாதிருப்பதற்காக. அபூ உபைதா தங்கியது விட்டுப் போகமுடியாத படையினருக்காக. இந்த உம்மத்தின் நம்பிக்கைக்குரியவர், அமீன், என்று பெருமானாரால் (ஸல்) பெயர் சூட்டப்பட்டவர் அவர்.

இதையே நம் கரையின் பாஷையில் சொல்லலாம். மரிச்சுக்கட்டிக் கரையில் முத்துக் குளித்த காலத்தில், குளிப்பவன் கல்லின் பாரத்தோடு கடலுக்குள் இறங்குவான். தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கீழேயிருந்து கயிறு அசைந்தால் உடனே இழுக்கவேண்டும். மேலே இருப்பவனின் கவனந்தான் கீழே இருப்பவனின் மூச்சு. 1906இல் லண்டன் கம்பனியொன்று இருபது வருடக் குத்தகைக்கு இந்த முத்துப் பார்களை எடுத்தது. அடுத்த வருடத்துக்குப் பின் சிப்பி விளையவில்லை. குத்தகை முடியுமுன்பே கம்பனி கலைந்தது. கம்பனிகள் அப்படித்தான், வரும், போகும். கயிறு பிடித்தவனும் மாலையில் கரைக்கு வந்து கணக்கை முடித்துக்கொண்டு வேறு தோணிக்குப் போகலாம். அவனை யாரும் துரோகி என்று சொல்லமாட்டார்கள். ஆள் கடலுக்குள் இருக்கும்போது கயிற்றை விடுவதுதான் துரோகம். கயிற்றைப் பிடித்துக்கொண்டே தூங்குவதும் துரோகந்தான்.

அமானிதம் கம்பனியின் பெயர்ப்பலகைக்கு உரியதல்ல, கயிற்றின் மறுமுனையில் இருப்பவனுக்கு உரியது. அதனால் முறைப்படி அறிவித்து, ஏற்றுக்கொண்ட பயணங்களை முடித்து, பட்ட கடனுக்கு வழி செய்துவிட்டுப் போகிறவன் துரோகியல்லன். வேலை போய்விடும் என்று பயந்து, ஓட்டமுடியாத சோர்வை மறைத்து ஓட்டுகிறவன், இருபது வருடம் அங்கேயே இருந்தாலும் விசுவாசியல்லன். பயமுறுத்தி அவனை அப்படி ஓட்டவைக்கும் நிர்வாகத்தின் பங்கு அதிலும் பெரியது.

இதில் எனக்கே ஒரு கடன் இருக்கிறது. 2022இல், அரச ஊழியர் சம்பளமற்ற லீவில் ஐந்து வருடம்வரை வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தபோது நானும் படிவம் நிரப்பினேன். வீட்டில் நகை அடகில் இருந்தது. சாதாரண தரப் பரீட்சை வரவிருந்தது. கணிதத்துக்கு என்னை விட்டால் பாடசாலையில் ஆளில்லை. பரீட்சை முடியட்டும் என்று படிவத்தை லாச்சியில் வைத்தேன். பிறகு அடுத்த வகுப்பு வந்தது. நான் தியாகம் செய்ததாகச் சொல்லவில்லை. தங்கிய பிறகும், களைப்போடும் கசப்போடும் வகுப்புக்குப் போய், கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. அந்த நாட்களில் நான் பாடசாலையில் இருந்தேன் என்று பதிவேடு சொல்லும். பிள்ளைகள் என்ன சொல்வார்களோ தெரியாது.

மறுநாள் அவனைத் தேடிப் போனேன். "மகன், போறதா இருக்கிறதா எண்டது ரெண்டாவது கேள்வி. அந்த ராவு மாதிரி இன்னொரு ராவு ஓட்டாத. ஏலாது எண்டு எழுத்தில குடு. அதுக்கு அவங்க வேலைய எடுத்தா, ரிஸ்க் அல்லாஹ்ட கையில" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தான். "வாப்பாட கடன் இன்னும் இருக்கு, சேர்" என்றான்.

அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. பக்கத்திலிருந்த வாப்பாதான் சொன்னார்: "கடன என்ட கணக்கில வை மகன். அந்தச் சனத்த உன்ட கணக்கில வை."

போன மாதம் அவனிடமிருந்து தகவல் வந்தது. சோர்வாக இருப்பதாக எழுதிக் கொடுத்து ஒரு பயணத்தை மறுத்திருக்கிறான். கம்பனி கடுமையாகக் கண்டித்துக் கடிதம் அனுப்பியிருக்கிறது. வேறிடத்துக்கு விண்ணப்பித்தும் இருக்கிறான். போவானோ இருப்பானோ, நான் அறியேன்.