அஷர் மாளிகையும் அறப்பொறுப்பும்

எட்கர் அலன் போ 1839 இல் வெளியிட்ட 'அஷர் மாளிகையின் வீழ்ச்சி', கோதிக் சிறுகதை மரபின் தலையாய படைப்புகளுள் ஒன்றாகும். உளப்பகுப்பாய்வுத் திறனாய்வாளரை அது பெரிதும் ஈர்த்தமை வியப்பன்று. பிராய்டின் மாணவியான மரி பொனபார்ட் 1933 இல் போவைப் பற்றி விரிவானதொரு நூலை வெளியிட்டார். மூன்று வயது நிரம்புமுன் தாயை இழந்த துயரே போவின் கதைகளில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகின்றது என்பது அந்நூலின் மையக் கருத்து.

கதையின் அமைப்பும் இத்தகைய வாசிப்புக்கு இடந்தருகின்றது. றொடரிக்கும் மடலினும் இரட்டையர். இறந்துவிட்டாள் எனக் கருதப்பட்ட சகோதரியை றொடரிக் மாளிகையின் நிலவறையில் வைத்துப் பூட்டுகிறான். புயல் வீசும் ஓரிரவில் அவள் எழுந்து வருகிறாள். றொடரிக்கை நனவு மனமாகவும், நிலவறையை நனவிலியாகவும், மடலினை அங்கே அமுக்கப்பட்ட வேட்கையாகவும் கொள்ளின், ஒடுக்கப்பட்டது மீண்டே தீரும் என்ற பிராய்டின் கோட்பாட்டுக்கு இதனிலும் தெளிவான உருவகம் கிடைத்தல் அரிது.

ஆயின், இவ்விளக்கம் அறவியல் வினாவொன்றை எழுப்புகின்றது. மடலின் றொடரிக்கின் மனத்தின் ஒரு கூறு மட்டுமே எனின், அவளுக்கு இழைக்கப்பட்ட கொடுமை யாது? தன் வேட்கையை அமுக்குதல் நோயாகலாம். உயிருள்ள பெண்ணொருத்தியைப் பெட்டியில் அடைத்தல் அவ்வாறன்று. அவளைக் குறியீடாக மட்டும் காணும் வாசிப்பு அவளை இரண்டாம் முறையும் புதைத்துவிடுகின்றது.

கதை தரும் சான்றுகளும் கவனத்துக்குரியன. உணர்விழந்து விறைத்துப்போகும் நோய் மடலினுக்கு இருந்தமை முன்னரே தெரிந்ததாகும். பெட்டியிலே கிடந்தவளின் முகத்தில் மெல்லிய செம்மையையும் இதழில் தங்கிய முறுவலையும் கதைசொல்லி காண்கிறான். கண்டும், அவை அந்நோயின் இயல்பென அமைதிகொண்டு, மூடியை இறுக்கத் துணைநிற்கிறான். றொடரிக்கோ, அவளது அசைவைப் பல நாட்களுக்கு முன்னரே கேட்டதாகவும் சொல்லத் துணியவில்லை எனவும் இறுதியில் ஒப்புக்கொள்கிறான். இது நனவிலியின் செயலன்று, அறிந்தும் வாய்திறவாமையாகும். அச்சம் அதற்குக் காரணமாகலாம், நியாயமாகாது.

பிராய்டும் இவ்வேறுபாட்டை உணராதவரல்லர். கனவில் வெளிப்படும் தீய உந்தல்களுக்கும் மனிதன் பொறுப்பேற்றல் வேண்டும் என 1925 இல் அவர் எழுதினார். அவ்வாறாயின், நனவிலியைக் கண்டறிதல் பொறுப்பின் எல்லையை விரிப்பதேயன்றிச் சுருக்குவதன்று.

றொடரிக்கின் மௌனத்துக்கு உளவியல் விடைகூறலாம். கதைசொல்லியோ நோயாளியல்லன், நண்பனைத் தேற்ற வந்தவன். ஐயத்துக்கு இடமிருந்தும் ஐயுறாதவன். மாளிகை ஏரியுள் அமிழும்போது உயிர்தப்பி ஓடுபவனும் அவனே. நோயுற்ற மனத்தை ஆராயும் திறனாய்வு, தெளிந்த மனத்தின் அலட்சியத்தையும் விசாரித்தல் வேண்டும்.