ரிட்டர்ன் காலி

சித்தப்பா முதல் லீவுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது அவரைக் கூப்பிட்டு வர நாங்கள் பதினோரு பேர் திருச்சிக்குப் போனோம். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் ஊர் கொரடாச்சேரிக்குப் பக்கம். விமான நிலையம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். வேன் வாடகை, டிரைவர் பேட்டா, விமானம் தாமதமானதால் வெயிட்டிங், வரும் வழியில் செங்கிப்பட்டி தாண்டி எல்லாருக்கும் பரோட்டா. அத்தனையும் வந்து இறங்கியவர் கணக்கில்தான். இரண்டு வருஷம் ஷிப்யார்டில் வெயிலில் வெல்டிங் வைத்துச் சேர்த்த காசில் அவர் ஊரில் செய்த முதல் செலவு, தன்னைப் பார்க்க வந்தவர்களை வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிப்போனது.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது சுத்த அசட்டுத்தனமாகப் பட்டது. ஓர் ஆள் வருவதற்கு எதற்குப் பதினோரு பேர்? ஜங்ஷனுக்குப் போனால் ரயில் இருக்கிறது. பஸ்ஸில் வந்திருந்தால் வேன் வாடகையில் இருபதில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது. திரும்பும் வழியில் பெட்டிகளுக்கு நடுவே கால் மரத்துப்போய் உட்கார்ந்துகொண்டு இந்தக் கணக்கையே போட்டுக்கொண்டு வந்தேன்.

திருச்சி விமான நிலையம் ஒரு தனித் தினுசு. பல வருஷமாக அங்கே உள்நாட்டுக்குள் பறக்கிறவர்களைவிட வெளிநாடு போய் வருகிறவர்களே அதிகம். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய், சார்ஜா. இறங்கியவர்கள் புதுக்கோட்டை, அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, மன்னார்குடி, கூத்தாநல்லூர் என்று திசைக்கொன்றாகப் பிரிந்து போவார்கள். 2024 ஜூனில் கோபுரச் சாயலோடு புது முனையம் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் வாசலில் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கூட்டம் பழைய கூட்டம்தான். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி, கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் எக்கிப் பார்க்கும் கூட்டம். சிங்கப்பூரிலிருந்து சுமார் 3,000 கிலோமீட்டரை நாலு மணி நேரத்தில் கடந்து வந்தவர், நாகப்பட்டினத்துக்காரராக இருந்தால், மிச்சமிருக்கும் 140 கிலோமீட்டருக்கு இன்னொரு மூன்று, மூன்றரை மணி நேரத்தை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மிச்சத் தூரத்துக்கு என்ன வண்டி என்பதில்தான் வீட்டுக்கு வீடு விவாதம் நடக்கும். ரயில் மலிவு, ஆனால் நள்ளிரவில் இறங்குகிறவருக்கு அது எப்போதும் விடிந்த பிறகுதான். பஸ்ஸை நம்பினால், 2025இல் வெளியூர் பஸ்கள் பஞ்சப்பூர் புது பஸ் நிலையத்துக்குப் போய்விட்டன. பெட்டியை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். தனி ஆளாகக் கைப்பை ஒன்றோடு வருகிறவர்களுக்கு நான் இன்றைக்கும் பஸ்ஸைத்தான் சொல்வேன். நைலான் கயிறு கட்டி, பேரும் ஊரும் கொட்டை எழுத்தில் எழுதிய அட்டைப்பெட்டியோடு வருகிறவருக்கு அந்த யோசனையைச் சொல்ல மனசு வராது.

மீதி இருப்பது வாடகைக் கார். அதில் ஏறுவதற்கு முன்பே ஒரு வாசகம் காதில் விழும்: "ரிட்டர்ன் காலியாத்தான் சார் வரணும்." வெளியூர் வாடகையின் மொத்தத் தத்துவமும் அதில் அடங்கிவிட்டது. விமான நிலையத்தில் பிடிக்கும் கார் நம்மை ஏற்றிக்கொண்டு போய்க் காலியாகத் திரும்பும். ஊரிலிருந்து வரவழைத்தால் காலியாக வந்து நம்மோடு திரும்பும். எந்தப் பக்கமாகப் போட்டாலும் ஒரு பாதி வெறுமனே ஓடுகிறது. அந்த வெற்றோட்டத்துக்கும் கிலோமீட்டர் கணக்கில் யாராவது காசு கொடுத்தாக வேண்டும். முதலில் கேட்கும்போது கோபம் வரும். டிரைவர் பக்கம் நின்று பார்த்தால் நியாயம் விளங்கும். அவருக்கும் டீசல் காலி வண்டிக்கென்று குறைந்தா எரிகிறது?

எங்கள் குடும்பத்தில் இது புதிதல்ல. தாத்தாவின் அண்ணன் மலாயாவிலிருந்து வந்தது ரஜுலா கப்பலில். 1926இல் கட்டிய கப்பல் அது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. நாகையில் கப்பல் கரையை அணையாது. கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்க, படகுகள் போய் ஆட்களை இறக்கி வரும். அங்கிருந்து ரயில். 1860களின் தொடக்கத்திலேயே நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குத் தண்டவாளம் போட்டாகிவிட்டது. சிக்கல், கீழ்வேளூர், திருவாரூர் என்று மேற்கே வந்து கொரடாச்சேரியில் இறங்கினால் மாட்டு வண்டி நிற்கும். கப்பல் வரும் நாள் முன்னே பின்னே ஆகும் என்பதால் வண்டி சில சமயம் இரண்டு நாள் வீணே காத்துக் கிடந்து திரும்பியதாம். பெரியவருக்குக் கிழக்கே துறைமுகம் வாசல். எங்களுக்கு மேற்கே விமான நிலையம் வாசல். பாதை அதேதான், போகும் திசைதான் தலைகீழ். காலி வண்டி மட்டும் அன்றும் இருந்திருக்கிறது.

நானும் பிற்பாடு இரண்டு வருஷம் கோலாலம்பூரில் வேலை பார்த்தேன். முதல் லீவில் யாரும் வர வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனிலேயே கார் பிடித்தேன். முதல் டிரைவர் ஊர்ப் பெயரைக் கேட்டதும் ரத்து செய்துவிட்டார். இரண்டாமவர் வந்தார். நல்ல கார், நல்ல ஏசி. நூறு கிலோமீட்டரில் நாங்கள் பேசியது டோல்கேட் காசைப் பற்றி மட்டும். மூன்றரை மணிக்கு வாசலில் இறங்கியபோது எங்கள் தெரு நாயே குரைத்தது. அம்மா கதவைத் திறந்து, "வந்துட்டியா தம்பி, படு" என்றாள். படுத்தேன். தூக்கம் வரவில்லை. மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான், எதிர்வீட்டு ஆச்சி போய் நாலு மாதம் ஆகிறது என்று தெரிந்தது. சோற்றில் கை வைத்தபடி கேட்க வேண்டியிருந்தது.

அன்றைக்குத்தான் சித்தப்பாவின் வேன் நினைவுக்கு வந்தது. துவாக்குடி தாண்டுவதற்குள் அத்தை அவருக்கு யார் யார் செத்தார்கள் என்று சொல்லி முடித்திருந்தாள். வல்லம் வருவதற்குள் யாருக்குக் கல்யாணம், யார் முழுகாமல் இருக்கிறாள். தஞ்சாவூரில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எந்த வீட்டுக்குப் போனால் எந்த வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சாலியமங்கலத்துக்கு அப்புறம் அவர் ஒருமுறை அழுதார். யாரும் பார்க்காதது போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். வீட்டு வாசலில் அவர் இறங்கியபோது இரண்டு வருஷத்து ஊரும் அவருக்குள் இறங்கியிருந்தது. விமானத்தில் வந்தவர் வேறு ஆள்.

அந்தப் பதினோரு பேர் எதற்கு என்ற கேள்விக்கு எனக்கு இப்போது ஒரு பதில் இருக்கிறது. தூர தேசத்துக்குப் பிழைக்கப் போகிறவர் வாழ்க்கையில் ஒரு பாதி எப்போதும் காலியாகத்தான் ஓடுகிறது. அவர் அங்கே இருக்கும்போது இங்கே காலி; இங்கே வந்தால் அங்கே. அந்தச் சும்மா ஓட்டத்தில், போய்ச் சேர வேண்டிய வேலை எதுவும் இல்லாமல், ஏறி உட்கார்ந்துகொள்கிறவர்களைத்தான் சொந்தம் என்று சொல்கிறோம். திருச்சிக்குப் போகும் காலி வேனில் அவர்கள் நிறைந்து போனார்கள். லீவு முடிந்து வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது, ஒரு சீட்டு குறைந்த வேனிலும் அவர்கள்தான் இருந்தார்கள். அந்தச் சீட்டில் யாரும் மாறி உட்காரவில்லை. டிரைவரும் பாட்டுப் போடவில்லை. தூரத்துக்கு உள்ள உண்மையான வாடகை அதுதான். அதைக் கொடுத்தது சித்தப்பா என்று நான் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தேன்.

போன வருஷம் சித்தப்பா ஒரேயடியாக முடித்துக்கொண்டு கிளம்பினார். போனில், "என்ன வண்டி சொல்லட்டும் சித்தப்பா?" என்றேன். "யாரு யாரு வர்றீங்க?" என்றார். அத்தை இல்லை. பெரியப்பாவுக்கு முழங்கால். பிள்ளைகள் சென்னையிலும் ஓசூரிலும். "நானும் சித்தியும்தான். கார் போதும்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "வேனே சொல்லிடு தம்பி. வாடகை நான் குடுத்துர்றேன்."

இரவு வர வேண்டிய விமானம் விடிகாலை மூன்றுக்கு வந்தது. பெட்டிகள்கூட அதிகமில்லை. பின்னால் மூன்று வரிசை சீட்டு வெறுமனே ஆடிக்கொண்டு வந்தது. சித்தி பேச்சை ஆரம்பித்து வல்லத்திலேயே தூங்கிப்போனாள். நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தார்கள். நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில், முன்னாலும் பின்னாலும் நகர்ந்துகொண்டிருந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். சித்தப்பா கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். டீக்கடை ஓரம் முதல் பஸ்ஸுக்காகக் கீரைக்கட்டோடு இரண்டு பெண்கள், யூனிஃபார்மில் ஒரு பையன், துண்டை உதறிக்கொண்டு ஒரு பெரியவர். அவர்களிடம் என்ன பேசினார் என்று கேட்கவில்லை. கேட் தூக்கும்போது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"கொரடாச்சேரி போறவுங்க ஏறுங்க. காலியாத்தான் போவுது."